அத்தியாயம் 6: கீசரில் வரும் மின் கோளாறுகள்

மிக்சியில் கோளாறு வந்தால் சட்னி அரைபடாது. டிவியில் கோளாறு வந்தால் படம் வராது. கீசர் அந்த வகையில் சேராது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் அது வெந்நீர் தரும். பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும், காயிலில் லேசான கசிவு தொடங்கியிருந்தாலும் தரும். தண்ணீர் சூடாகிறது என்பதை மட்டும் வைத்து கீசர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் அடிப்படை. கோளாறைத் தேடும்போது போர்டில் தொடங்கி, பிளக்கைப் பார்த்து, கடைசியாகத்தான் தொட்டிக்குப் போக வேண்டும்.

ஷாக் அடித்தால் உடனே செய்ய வேண்டியது

குழாயையோ ஷவரையோ தொட்டதும் சுரீரென்று பிடித்தால், ஈரக் கையோடு கீசர் சுவிட்சைத் தேடாதீர்கள். குளியலறையை விட்டு வெளியே வந்து, கையையும் காலையும் துடைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். கீசர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

யாராவது மின்சாரம் பிடித்து விழுந்து கிடந்தால், மெயினை அணைக்கும் வரை அவரைத் தொடக் கூடாது. அணைத்த பிறகு 108-ஐ அழையுங்கள். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்த வேண்டாம்.

உங்கள் கீசர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

கீசரின் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் அளவு இருக்கும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

- 15, 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்கள் பெரும்பாலும் 2,000 வாட். இழுப்பது 8.7 ஆம்ப்ஸ்.
- 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பெரும்பாலும் 3,000 வாட். இழுப்பது 13 ஆம்ப்ஸ்.
- 4,500 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 19.6 ஆம்ப்ஸ் இழுக்கும்.

செல்போன் சார்ஜர் செருகும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்ப்ஸுக்கானது. அதில் எந்தக் கீசரையும் மாட்டக் கூடாது. கடைகளில் '15 ஆம்ப்ஸ் பிளக்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெரிய பிளக் 16 ஆம்ப்ஸ் வரை தாங்கும். முதல் இரண்டு வகைக்கும் அதுதான் பொருத்தம். 4,500 வாட் கீசர் அதிலும் அடங்காது. அதற்கு பிளக் இல்லாமல், தனி டிபி சுவிட்சிலிருந்து நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும்.

கம்பியைப் பொறுத்தவரை, 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும். 3,000 வாட்டுக்கும் அதற்கு மேலும் 4 சதுர மில்லிமீட்டர் போடுவது நல்லது. போர்டிலிருந்து கீசருக்குத் தனி லைன் வர வேண்டும். குளியலறை லைட்டுக்கு வந்த கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து கீசருக்குக் கொடுப்பது பழைய வீடுகளில் அடிக்கடி காணப்படும் தவறு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது அதைவிட மோசம்.

தண்ணீர் சூடாகவே இல்லை

கீசரில் உள்ள சின்ன விளக்கு எரியவில்லை என்றால் கீசருக்கு மின்சாரமே வரவில்லை என்று பொருள். போர்டில் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா, சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது என்றால் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்: காயில் அறுந்திருக்கும், தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கும் அல்லது சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட் விழுந்திருக்கும்.

கீசரின் மூடியைத் திறக்காமலே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கைக் கழற்றி, தண்ணீர் ஆறிய பிறகு மல்டிமீட்டரை ஓம் அளவுக்கு வைத்து பிளக்கின் பின்களிலேயே சோதியுங்கள். கீசரில் தனி சுவிட்ச் இருந்தால் அதை ஆனில் வையுங்கள்.

1. கீழே உள்ள இரண்டு பின்களுக்கும் இடையே 2,000 வாட் கீசரில் சுமார் 26 ஓம், 3,000 வாட்டில் சுமார் 17 அல்லது 18 ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லை என்றால் காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட் ஆகியவற்றில் ஒன்று அறுந்திருக்கிறது.
2. அந்தப் பின்கள் ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள தடித்த எர்த் பின்னுக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. ஏதேனும் அளவு காட்டினால் காயிலில் கசிவு இருக்கிறது. அந்தக் கீசரைத் திரும்பச் செருகாதீர்கள்.
3. எர்த் பின்னுக்கும் கீசரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லையென்றால் கீசருக்குள் எர்த் கம்பி கழன்றிருக்கிறது.

டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள மாடல்களில் உள்ளே ரிலே இருப்பதால் முதல் சோதனை சரியாக வராது. மற்ற இரண்டும் அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் மல்டிமீட்டரின் சிறிய பேட்டரியால் எல்லாக் கசிவையும் பிடித்துவிட முடியாது. சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கசிவை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடாக ரொம்ப நேரம் ஆகிறது

2,000 வாட் கீசர், 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 18 நிமிடம் எடுக்கும். 25 லிட்டருக்கு அரை மணி நேரம். இதை ஒட்டி வந்தால் கோளாறு எதுவும் இல்லை.

வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லோ வோல்டேஜ். மின்னழுத்தம் குறைந்தால் காயிலின் சக்தி அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் காயில், 180 வோல்ட்டில் சுமார் 1,225 வாட்தான் தரும். தெருவில் மோட்டார்கள் ஓடும் காலை நேரத்தில் மட்டும் தாமதமானால் குறை கீசரில் இருக்காது.

வீட்டில் சில விளக்குகள் மங்கியும் சில கண்ணைக் கூசும்படியும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கக் கூடும். அப்போது சில லைன்களில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கலாம். மெயினை உடனே அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லுங்கள்.

பிளக் சூடாகிறது, கருகிய வாசம் வருகிறது

கீசர் ஓடும்போது பிளக் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு, மஞ்சளித்த பிளாஸ்டிக், சாக்கெட் ஓட்டையைச் சுற்றிக் கருமை ஆகியவை லூஸ் கனெக்‌ஷனின் அடையாளங்கள். கம்பி இறுகாத இடத்தில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே, 8.7 ஆம்ப்ஸ் ஓடும்போது அங்கே சுமார் 38 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ ரிப்பேர்க் கடையின் சாதாரணப் பற்றவைப்புக் கோல் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை பிளக்குக்குள் வைத்து மூடியது போன்ற நிலை இது.

கருகிய பிளக்கை மட்டும் மாற்றுவது பாதி வேலை. சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தரும் தகடும் சூட்டில் தளர்ந்திருக்கும். புது பிளக்கையும் அது கருக்கிவிடும். இரண்டையும் சேர்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து மாற்றுங்கள். கம்பியின் நுனி கறுத்திருந்தால் செம்பின் பளபளப்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு மாட்ட வேண்டும். ஓட்டைக்குள் நுழையவில்லை என்று கம்பியின் சில இழைகளை நறுக்கிவிடுவது, பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக கன்வெர்ட்டர் போடுவது ஆகிய இரண்டும் தீயில் முடியும் குறுக்குவழிகள்.

போர்டில் ட்ரிப் ஆகிறது: எது விழுகிறது?

போர்டில் இரண்டு வகைக் காவல்கள் உண்டு. எம்.சி.பி. அளவுக்கு மீறிய கரண்டையும் ஷார்ட் சர்க்யூட்டையும் நிறுத்தும். 'T' என்று எழுதிய சின்னப் பொத்தான் கொண்ட ஆர்.சி.சி.பி., போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்க்கும். வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்ப்ஸ் ரகம். அந்த அளவுக்குக் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். ஷாக்கிலிருந்து காப்பது இதுதான். 30 மில்லி ஆம்ப்ஸ் கசிவை 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

கீசர் போட்டதும் எம்.சி.பி. சட்டென்று விழுந்தால் எங்கோ ஷார்ட். சில நிமிடம் கழித்து விழுந்தால் ஒரே லைனில் வேறு ஏதோ சேர்ந்து ஓடுகிறது, அல்லது எம்.சி.பி.யின் முனை தளர்ந்து சூடாகிறது. எந்த நிலையிலும் 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யைக் கழற்றி 32 ஆம்ப்ஸ் போடுவது தீர்வாகாது. அப்படிச் செய்தால் எம்.சி.பி. விழாமல் நிற்கும், கம்பி எரியும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் கீசர் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். விழாமல் நின்றால் கசிவு கீசரில். அது விழும் விதமும் ஒரு தடயம் தரும்:

- சுவிட்ச் போட்டதும் விழுந்தால் காயிலின் உறை வெடித்து உள்ளே தண்ணீர் போயிருக்கும்.
- ஐந்து, பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகு விழுந்தால் வெடிப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சூட்டில் அது விரிகிறது.
- சுவிட்ச் போடாமல், பிளக்கைச் செருகி வைத்தாலே விழுந்தால் காயிலின் நியூட்ரல் பக்க முனை தொட்டியில் தொடுகிறது.
- கோடை முழுவதும் சும்மா இருந்து, ஐப்பசி மழையில் முதல் முறை போடும்போது விழுந்தால் காயில் முனைகளில் ஈரம் ஏறியிருக்கலாம்.

போர் தண்ணீரில் ஓடும் கீசர்களில் காயில் சாவதற்கு முக்கியக் காரணம் உப்பு. உப்பு படிந்தாலும் காயில் இழுக்கும் வாட் குறையாது. ஆனால் வெப்பம் தண்ணீருக்குள் இறங்க வழியில்லாமல் உறை மிகையாகச் சூடேறி வெடிப்பு விடும். தொட்டிக்குள் படபடவென்று சத்தம் கேட்பது இதன் முன்னறிவிப்பு. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் உப்பு படிவது குறையும். உப்புத் தண்ணீர் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்து, காயிலையும் மெக்னீசியம் ராடையும் பார்ப்பது அவசியம்.

ட்ரிப் ஆகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடி இணைப்பு கொடுக்கச் சிலர் கேட்பதுண்டு, செய்து தரவும் ஆள் உண்டு. ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அது விழுந்ததால்தான் உங்கள் மேல் பாய வேண்டிய கரண்ட் நின்றது.

தண்ணீரில் ஷாக்: யார் குற்றவாளி?

குழாயில் சுருக்கென்று தட்டினால் மூன்று சாத்தியங்கள் உண்டு.

முதலாவது, காயில் கசிவும் எர்த் இல்லாமையும் சேர்ந்து வருவது. எர்த் சரியாக இருந்தால் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தொட்டியும் தண்ணீரும் மின்னேற்றம் பெற்று, தொடுபவரின் உடல் வழியாக இறங்கப் பார்க்கும். குழாய்கள் இப்போது பிளாஸ்டிக் ஆகிவிட்டன, ஆபத்தில்லை என்று எண்ணிவிட வேண்டாம். உப்புத் தண்ணீரே கரண்டைக் கடத்தும்.

இரண்டாவது, சுவிட்சை அணைத்த பிறகும் ஷாக் வருவது. சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். சுவிட்ச் அணைப்பது ஃபேஸை மட்டும். வயரிங்கில் இரண்டும் மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலை வெட்டும், காயிலில் ஃபேஸ் அப்படியே நிற்கும். விளக்கு அணைந்திருக்கும், ஆபத்து அணைந்திருக்காது. கீசர் சுவிட்சை நம்பாமல் மெயினை அணைக்கச் சொன்னது இதனால்தான். இரண்டு கம்பியையும் ஒன்றாக வெட்டும் டிபி சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே வைப்பது இதற்கு நிரந்தரத் தீர்வு.

மூன்றாவது, கீசர் குற்றமற்றது என்பது. வீட்டின் எர்த் கம்பி எல்லா சாக்கெட்டையும் இணைக்கிறது. எர்த் குழியில் இறங்கும் இடத்தில் அது அறுந்திருந்தால், வாஷிங் மெஷினிலோ மோட்டாரிலோ கசியும் கரண்ட் அதே கம்பி வழியாகக் கீசரின் உடலுக்கு வந்து நிற்கும். கீசர் பிளக்கைக் கழற்றிய பின் குளியலறைக் குழாயில் ஷாக் நின்றுவிட்டால் கீசர் பழுது என்று சொல்லிவிட முடியாது என்பதை எலக்ட்ரீஷியனுக்கும் நினைவூட்டுங்கள். மற்ற சாதனங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

எர்த் குழி இருந்தால் போதுமா?

போதாது. குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மண்ணிலும் பாறை நிலத்திலும் இது சாதாரணம். காயிலின் ஃபேஸ் நேராகத் தொட்டியில் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க, 11.5 ஆம்ப்ஸ்தான் எர்த்தில் ஓடும். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. அசையாது. கீசர் உடலில் 230 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். அதே நேரத்தில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்தக் கணமே விழுந்துவிடும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. இரண்டும் வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யின் 'T' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றிவிட வேண்டும். அந்தப் பொத்தான் சோதிப்பது கருவியை மட்டும்தான். எர்த் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு சாக்கெட்டில் செருகும் மூன்று விளக்கு டெஸ்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். எர்த் இல்லாததையும் ஃபேஸ் மாறியிருப்பதையும் காட்டும். குழியின் தடையை அளக்க எர்த் மெகர் தேவை.

எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் லூப் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் அடுத்த கணம் கீசரின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறும். இப்படி ஒரு லூப்பைக் கண்டால் கீசரைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்துங்கள்.

தண்ணீர் கொதிக்கிறது

ஆவியும் சீறலுமாக வெந்நீர் வந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது. மெயினை அணைத்து, வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் ஆற விடுங்கள். கட்-அவுட் விழுந்திருந்தால் பொத்தானை அழுத்திச் சரிசெய்வதோடு விடாதீர்கள். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். கட்-அவுட்டை 'டைரக்ட்' செய்வது கீசரை வெடிகுண்டாக்கும் வேலை. அழுத்தம் ஏறி வெளியேற வழியில்லாமல் போனால் தொட்டி பிளந்துவிடும்.

ராடு, டேப் ஹீட்டர், சோலார்

வாளியில் போடும் ராடுக்கு முதல் விதி: பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்பது மேலே சொன்ன ஃபேஸ் மாற்றத்தால் பொய்த்துப்போகும். பிளாஸ்டிக் வாளி, ராடில் குறித்திருக்கும் அளவு வரை தண்ணீர், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகிய மூன்றும் கட்டாயம். வாளியில் ராடைப் போட்டுவிட்டுக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

குழாயில் மாட்டும் மலிவான டேப் ஹீட்டர்களில் சில, 3,000 வாட் என்று போட்டுக்கொண்டு எர்த் பின்னே இல்லாத மெல்லிய கம்பியோடு வருகின்றன. அவற்றை வாங்காதீர்கள்.

மொட்டை மாடி சோலார் ஹீட்டரில் மழைக்காலத்துக்கென ஒரு மின் காயில் இருக்கும். அதன் கம்பி வெயிலில் வெடித்து, மழையில் நனைந்து, எலி கடித்துக் கிடக்கும். ஆண்டு முழுவதும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பைப்புக்குள் செல்லும் கம்பி, மழை படாத இணைப்புப் பெட்டி, ஆர்.சி.சி.பி. காவலுக்கு உட்பட்ட லைன் இவை உண்டா என்று மழைக்கு முன் பாருங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் காலித் தொட்டியில் காயிலைப் போடாதீர்கள். மேல்நிலைத் தொட்டி காலியாகி நிரம்பிய பிறகும், சர்வீஸ் முடிந்த பிறகும், வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பின்பே சுவிட்சைத் தொடுங்கள்.

எலக்ட்ரீஷியனை அழைக்கும்போது

நீங்கள் செய்யத்தக்கது: பார்வையிடுவது, பிளக்கைக் கழற்றிச் சோதிப்பது, 'T' பொத்தானை அழுத்துவது. காயில் மாற்றம், வயரிங், எர்த் குழி ஆகியவற்றை உரிமம் பெற்ற மின் கம்பியாளரிடம் விடுங்கள். வாரன்டி காலத்தில் மூடியைத் திறந்தால் வாரன்டி போய்விடும். அப்போது கம்பெனி சர்வீஸையே கூப்பிடுங்கள்.

வந்தவரிடம் 'ஓடல' என்று மட்டும் சொல்லாமல், எது விழுந்தது, போட்டதுமா சூடேறிய பிறகா, விளக்கு எரிந்ததா என்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். வேலை முடிந்ததும் தண்ணீர் சூடாவதை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள். எர்த் சோதனையையும் உங்கள் கண் முன் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஐந்து ஸ்டார் கீசருக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? அதில் முதல் செலவு எர்த் குழிக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி.க்கும் ஆகட்டும். மீதி இருப்பதில் கீசர் வாங்குங்கள்.